பேர்மிட் காணியில் மூன்று மாடி மருத்துவக் கட்டடம் கட்டலாமா?

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 48, அரச அலுவலகம் ஒன்றில் வேலை. தகப்பனாருக்குக் குடியேற்றத் திட்டத்தில் அரச அனுமதிப்பத்திரத்தோடு கிடைத்த அரை ஏக்கர் பேர்மிட் காணி ஏ-9 வீதியோரம் இருக்கிறது. தகப்பனார் 2009 இடப்பெயர்வில் இறந்துவிட்டார். பேர்மிட் இன்னும் அவர் பெயரில்தான். தாயார் அந்தக் காணியில் குடியிருக்கிறார்.

தம்பி டொரொண்டோவில், கனேடியப் பிரஜை. அங்கே மருத்துவக் கட்டடங்களில் பணம் போடுவதுதான் பாதுகாப்பு என்று கேள்விப்பட்டு, “டொக்டர்மார் வாடகைக்கு வந்தால் எழும்பிப் போகமாட்டினம் அக்கா, எங்கட காணியிலும் கட்டுவம்” என்கிறார். பொறியியலாளர் ஒருவர் மூன்று மாடிக்கு வரைபடம் கீறிக் கொடுத்துவிட்டார். கீழே பாமசியும் ஆய்வுகூடமும், நடுவில் பத்து பரிசோதனை அறைகள், மேலே எக்ஸ்ரேயும் ஸ்கானும். 6,000 சதுர அடி, மதிப்பீடு 8 கோடி ரூபாய். தம்பி 5 கோடி, வங்கிக் கடன் 3 கோடி. பாமசிக்காரர் ஒருவர் 20 லட்சம் முற்பணம் தரத் தயாராக இருக்கிறார், வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பம் வைத்தால் போதுமாம். விசேட வைத்தியர்கள் இருவர் “கட்டி முடியுங்கோ, வாறம்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

கேள்விகள் நான்கு. பேர்மிட்டில் தம்பியின் பெயரைச் சேர்க்கலாமா? வங்கி கடன் தருமா? பிரதேச சபை அனுமதி போதுமா? போட்ட காசு திரும்புமா?

கடிதத்தின் கடைசிப் பந்தியில் இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். கணவர் 2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. சகோதரியின் சீதனக் காணி நான்கு பரப்பு, காணி உறுதியோடு, வீதியிலிருந்து சற்று உள்ளே சும்மா கிடக்கிறது.

சகோதரி, உங்கள் கடிதத்தை நான் கடைசிப் பந்தியிலிருந்துதான் தொடங்கி வாசிக்க வேண்டியிருந்தது. நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் உரிய பதில் அந்த இரண்டு வரிகளில்தான் தொங்கி நிற்கிறது. முதலில் தம்பியின் நம்பிக்கையைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

தம்பி பார்த்த சந்தை

தம்பி சொல்வது பொய்யல்ல. வட அமெரிக்காவில் முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துச் செய்த பல சிகிச்சைகள் இன்று வெளிநோயாளர் கட்டடங்களுக்கு மாறிவிட்டன. முதியோர் தொகை கூடுகிறது. 2022 மார்ச்சில் பூச்சியத்துக்குக் கிட்ட இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2023 ஜூலையில் ஐந்தேகால் வீதத்துக்கு மேல் போனதால் புதிதாகக் கட்டத் தொடங்குபவர்கள் குறைந்தார்கள். ஏற்கெனவே கட்டி நிற்கும் இடங்களுக்குத் தேவை கூடியது. பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று இணைத்துக்கொண்டன. 2024 மார்ச்சில் ஹெல்த்பீக், ஃபிசிஷியன்ஸ் ரியல்டி டிரஸ்ட் என்ற இரண்டு நிறுவனங்கள் ஒன்றானது அதில் ஒன்று.

ஆனால் அங்கே வாடகைக்கு இருப்பது யார்? பெரும்பாலும் பெரிய மருத்துவமனை நிறுவனங்கள், மருத்துவக் குழுமங்கள். பல வருட ஒப்பந்தம், வருடாவருடம் கூடும் வாடகை. பல ஒப்பந்தங்களில் வரி, காப்புறுதி, பராமரிப்பு எல்லாம் குடியிருப்பவரின் தலையில். கிளிநொச்சியில் உங்கள் அறைக்கு வரப்போகிறவர் அரச வைத்தியர். ஆஸ்பத்திரிக் கடமை முடிந்து மாலையில் இரண்டு மணித்தியாலம், அல்லது ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போவார். இடமாற்றம் வந்தால் போய்விடுவார். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டே போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை உங்கள் பத்து அறைகளில் எத்தனையில் லைட் எரியும் என்று தம்பியிடம் கேளுங்கள்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லுங்கள். அவர் வசிக்கும் டொரொண்டோவையே தலைமையகமாகக் கொண்ட நோர்த்வெஸ்ட் ஹெல்த்கெயார் ப்ராப்பர்ட்டீஸ் பல நாடுகளில் மருத்துவக் கட்டடங்கள் வைத்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் அது முதலீட்டாளருக்குக் கொடுக்கும் மாதப் பங்கீட்டைப் பாதிக்கு மேல் குறைத்தது. கட்டடங்கள் காலியாகவில்லை. கடனும் வட்டியும்தான் நெரித்தன. டொக்டர்மார் எழும்பிப் போகாமல் இருந்தாலும் வங்கி எழும்பி வரும்.

உங்கள் 3 கோடியைக் கணக்குப் பாருங்கள். 15 வருடம், 13 வீத வட்டி என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 3 லட்சத்து 80 ஆயிரம் கட்ட வேண்டும். 2022 கடைசியில் இந்த நாட்டில் கடன் வட்டி 25 வீதத்தைத் தாண்டியது. மிதக்கும் வட்டியில் எடுத்து அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால் அதே கடனுக்கு மாதம் 6 லட்சத்து 40 ஆயிரம். இலங்கையில் வங்கி, ஈடு வைத்த சொத்தை வழக்குப் போடாமலே ஏலத்தில் விற்க 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பராட்டே என்று சொல்வது இதைத்தான்.

பேர்மிட் காணி உங்கள் காணி அல்ல

இதைச் சொல்ல மனம் வருந்துகிறேன். உங்கள் தகப்பனார் காடு வெட்டித் திருத்திய காணி, உங்கள் தாயார் இன்றும் விளக்கேற்றும் வீடு. ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட் கொடுக்கப்பட்ட காணி அரசின் காணிதான். எந்தத் தேவைக்குக் கொடுத்தார்களோ அந்தத் தேவைக்கே பாவிக்கலாம். குடியிருக்கவும் பயிர்செய்யவும் கொடுத்த காணியில் வாடகைக் கட்டடம் எழுப்புவது நிபந்தனை மீறல். பேர்மிட்டை இரத்துச் செய்யவே அது போதும். அந்த நாளில் 8 கோடி ரூபாய்க் கட்டடம் யாருடைய காணியில் நிற்கிறது?

தம்பியின் பெயரைச் சேர்க்க முடியாது. அவர் இலங்கைப் பிரஜை அல்ல என்பது ஒரு காரணம். பேர்மிட்டை நினைத்தபடி பிள்ளைகளுக்கிடையே பிரித்து எழுதவும் முடியாது. முதலில் செய்ய வேண்டியது, தகப்பனார் தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, அதாவது பின்னுரித்தாளராக, யாரையாவது நியமித்துப் பதிந்தாரா என்று பிரதேச செயலகக் காணிக் கிளையில் பார்ப்பது. நியமிக்கவில்லை என்றால் தாயாரின் உரிமையை இப்போதே எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். முன்பு நியமனம் இல்லாத இடத்தில் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. எனவே “பொம்பிளைப் பிள்ளைக்கு வராது” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

2024இல் உறுமய என்ற பெயரில் பேர்மிட்காரருக்கு முழு உரித்துக் கொடுப்பதாக அறிவித்தார்கள்தானே, அதை நம்பித் தொடங்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். அறிவிப்பை ஈடு வைக்க முடியாது. உறுதி கையில் வந்து, காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு பேசுவோம். வீதியோரக் காணியில்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரே ஒரு நேர்வழிதான் இருக்கிறது: பிரதேச செயலாளர் ஊடாக விண்ணப்பித்து, அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தகத் தேவைக்கான நீண்டகாலக் குத்தகை. அதற்கு வருடங்கள் போகலாம், குத்தகைப் பணம் கட்ட வேண்டும், தாயாரின் குடியிருப்பு உரிமையையும் அதோடு விட்டுக்கொடுக்க நேரலாம். அவருடைய வயதில் அதைக் கேட்காதீர்கள் என்பது என் எண்ணம்.

சீதனக் காணியும் கணவரின் சம்மதமும்

நீங்கள் சும்மா கிடக்கிறது என்று எழுதிய நான்கு பரப்புத்தான் இந்தத் திட்டத்தின் உயிர். நான்கு பரப்பு என்றால் நாற்பது பேர்ச், கால் ஏக்கர். நோயாளி வீதியோரம் பார்த்து வருவதில்லை, டொக்டரின் பெயரைக் கேட்டு வருகிறார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஓட்டோ போகும் பாதை இருந்தால் போதும். ஏ-9இல் கட்டினால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டடக் கோட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்ட வேண்டி, முன்பக்க நிலத்தை எப்படியும் இழப்பீர்கள்.

இப்போது கஷ்டமான விஷயம். வடமாகாணத் தமிழருக்குப் பொருந்தும் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தின் கீழ், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, திருமணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். சீதனமும் அதற்குள் அடங்கும். நீங்கள் ஈடு வைக்கப் போனாலும் நீண்ட குத்தகை கொடுக்கப் போனாலும் வங்கியின் சட்டத்தரணி முதலில் கேட்கப் போவது அதைத்தான்.

உங்களிடம் சிலர் “மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு அதில் சம்மதமில்லை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. காணி அலுவலுக்காக நீங்கள் அதை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணவர் இருக்கும் இடம் தெரியாதபோது அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை அதே 1911 சட்டம் மாவட்ட நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கு ஆதாரமாக, மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் 2016 திருத்தத்தின் கீழ் வழங்கப்படும் காணாமற்போனமைக்கான சான்றிதழ் இருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது. அவரைத் தேடும் உங்கள் உரிமையையும் எடுக்காது. அந்தச் சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு மனு, அவ்வளவுதான். சட்டத்தரணிக்குக் கட்டும் பணம் சிரமம் என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். நான்கு பரப்பிலும் வேறு யாராவது குடியிருக்கிறார்களா, எல்லைக் கல் எங்கே என்பதையும் நில அளவையாளரை வைத்து இப்போதே பாருங்கள். இடப்பெயர்வுக் காலத்தில் வெற்றுக் காணிகளுக்குள் வேலிகள் நகர்ந்த கதை உங்களுக்குப் புதிதல்ல.

தம்பியின் காசு எந்த வழியால் வர வேண்டும்

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி உரித்து எழுத முடியாது. வெளிநாட்டவர் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனிக்கும் அப்படியே. தம்பி இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தால் அந்தத் தடை இல்லை. எடுக்காவிட்டாலும் வழி இருக்கிறது. காணி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஒரு கம்பனி தொடங்கி, காணியை அதற்குக் குத்தகைக்குக் கொடுத்து, தம்பி அதில் பங்குதாரராகலாம்.

காசு எப்படி வருகிறது என்பது இதைவிட முக்கியம். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, வந்த பணத்துக்குக் கணக்கு இல்லை. நாளைக்கு வருமான வரிக்காரர் கேட்டால் பதில் சொல்ல முடியாது, தம்பிக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வந்தால் எவ்வளவு வந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் தம்பியின் பெயரில் திறந்து அதன் வழியாகக் கொண்டுவந்தால், இலாபத்தையும் முதலையும் ஒரு நாள் சட்டப்படி திரும்ப எடுத்துப்போக வழி இருக்கும். அக்கா தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று நினைப்பீர்கள். தம்பிக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்கு ஒரு அனுமதி, உள்ளே நடப்பதற்கு வேறு அனுமதிகள்

பிரதேச சபை தருவது கட்டுவதற்கான அனுமதி. முடிந்த பின் இசைவுச் சான்றிதழும் எடுக்க வேண்டும். அது கையில் இருந்தாலும் உள்ளே வைத்தியம் பார்க்க முடியாது.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையம் ஒவ்வொன்றும், சனல் நிலையமும் (காசு கட்டி வைத்தியரைப் பார்க்கும் இடம்) ஆய்வுகூடமும் உட்பட, தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையில் பதிந்து வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பாமசிக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் உரிமம். எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் உரிமம், அதற்கேற்ற சுவர். சாதாரணக் கல்லுச்சுவர் அறையைப் பிறகு எக்ஸ்ரே அறையாக்கப் போனால் இரட்டைச் செலவு. ஊசி, இரத்தம் பட்ட பஞ்சு போன்ற மருத்துவக் கழிவுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் விதிகள் உண்டு. குப்பையோடு குப்பையாகப் பிரதேச சபை உழவு இயந்திரத்தில் ஏற்ற முடியாது. உங்கள் வரைபடத்தில் கழிவு வைக்க ஒரு அறைகூட இல்லை.

நீங்கள் முடிவெடுக்க வேண்டியது இதுதான்: கட்டட உரிமையாளராக மட்டும் இருக்கப் போகிறீர்களா, சனல் நிலையத்தையும் நடத்தப் போகிறீர்களா? வாடகை மட்டும் என்றால் மருத்துவப் பதிவுகள் வாடகைக்கு எடுப்பவரின் பொறுப்பு. நோயாளியிடம் காசு வாங்கி நம்பர் கொடுப்பவர் நீங்கள் என்றால் பொறுப்பு முழுக்க உங்கள் மேல். அரச உத்தியோகத்தர் என்பதால் தாபன விதிக்கோவையும் குறுக்கே வரும். முதலாவதையே தேர்ந்தெடுங்கள்.

எவ்வளவு கட்டுவது

மூன்று மாடி வேண்டாம். அத்திவாரத்தை இரண்டு மாடிக்குப் போட்டு, இப்போதைக்குக் கீழ்த்தளம் மட்டும் கட்டுங்கள். நான்கு பரிசோதனை அறை, இரத்த மாதிரி எடுக்க ஒரு அறை, பாமசி, நோயாளிகள் இருக்க அகலமான விறாந்தை. தம்பியின் காசுக்குள்ளேயே முடிந்துவிடும், வங்கி தேவையில்லை. சீமெந்துப் பை 2022இல் மூவாயிரம் ரூபாய் வரை போனதை நினைவில் வைத்து, ஒப்பந்தகாரரோடு பேசும்போது பொருள் விலை கூடினால் யார் தாங்குவது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது உங்கள் பக்கம் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று அயலவரைக் கேட்டு, நிலமட்டத்தை அதற்கு மேல் வையுங்கள். தடுப்பூசியும் இன்சுலினும் 2 முதல் 8 பாகை வரை குளிரில் இருக்க வேண்டியவை. வெள்ளத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டரும் நனையாத இடத்தில் இருக்க வேண்டும். நிலமட்டத்தை இரண்டரை அடி உயர்த்தினால் சக்கர நாற்காலிக்கு, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், முப்பது அடி நீளச் சாய்தளம் வேண்டும். அதை வீட்டு வாசலில் பிறகு ஒட்டவைக்க இடம் கிடைக்காது, முதல் வரைபடத்திலேயே வர வேண்டும். பொதுமக்கள் வரும் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி செய்ய வேண்டும் என்பது 2006 முதல் சட்ட ஒழுங்குவிதி. வன்னியில் இது விதிக்காகச் செய்கிற காரியமல்ல. செயற்கைக் காலோடு வருகிறவர் எத்தனை பேர், உடம்பில் எறிகணைத் துண்டோடு வருகிறவர் எத்தனை பேர் என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தருவீர்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் ஸ்கான் அறை வைத்த அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட முதல் மனக்குறை இதுதான்.

அரசு பக்கத்தையும் பாருங்கள். நெதர்லாந்து உதவியோடு கிளிநொச்சியில் பெண்களுக்கான சிறப்பு மருத்துவ நிலையமும் மாங்குளத்தில் புனர்வாழ்வு மருத்துவப் பிரிவும் 2024இல் திறக்கப்பட்டன. இலவசமாகக் கிடைப்பதோடு நீங்கள் போட்டி போட முடியாது. அங்கே வரும் விசேட வைத்தியர் மாலையில் இருக்க ஓர் இடம், கிளினிக் நாள் வரை காத்திருக்க முடியாதவருக்கு ஓர் இரத்தப் பரிசோதனை, இரவு ஒன்பது மணிக்கும் திறந்திருக்கும் பாமசி: இந்த ஊரில் காசு கொடுத்து வாங்க ஆள் இருப்பது இவற்றுக்குத்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்தில் இருந்தவர்கள் ஒரு லட்சத்து 13 ஆயிரம் பேர்தான். பெரும்பாலானோர் நாட்கூலியும் வயலும். அந்தக் கணக்குக்கு நான்கு அறை போதும்.

பாமசிக்காரரின் 20 லட்சம்

வாங்காதீர்கள், இப்போதைக்கு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம். வெள்ளைத்தாள் உங்களைக் காப்பாற்றாது, ஆனால் 20 லட்சம் வாங்கியதற்கு அது சாட்சியாக நிற்கும். கட்டடம் தாமதமானால் வட்டியோடு கேட்பார். நீதிமன்ற அனுமதி கிடைத்து, வரைபடம் பிரதேச சபையில் நிறைவேறிய பிறகு நொத்தாரிசுக் குத்தகை எழுதலாம். அப்போது மூன்று வாசகங்களைக் கவனியுங்கள். முற்பணம் எந்த நிபந்தனையில் திரும்பக் கொடுக்கப்படும், வாடகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு கூடும், வளாகத்துக்குள் வேறு பாமசி வரக்கூடாது என்ற தடை எத்தனை வருடத்துக்கு. கடைசியானதை அவர் நிச்சயம் கேட்பார். ஐந்து வருடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

“வாறம்” என்ற வைத்தியர்கள் இருவரிடமும் எந்த நாள், எத்தனை மணிக்கு, அறைக்கு மாத வாடகையா நோயாளிக்கு இவ்வளவா என்று ஒரு கடிதம் கேளுங்கள். அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் தருகிறார்களா, தட்டிக்கழிக்கிறார்களா என்பதைப் பார்த்தே எத்தனை அறை கட்டுவது என்று முடிவெடுக்கலாம்.

இந்த வாரம் போக வேண்டிய இடங்கள் இரண்டு: பிரதேச செயலகக் காணிக் கிளையும், காணிப் பதிவகமும். பேர்மிட் கோவையில் பின்னுரித்தாளர் பதிவின் பிரதியையும், நான்கு பரப்பு உறுதியின் பதிவேட்டுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். பொறியியலாளரிடம் புது வரைபடம் அதற்குப் பிறகு கேட்டால் போதும்.